நைன்ட்டி ஆனதும் நடுங்குதா?

ஓசூர் பக்கம் இருக்கிற உங்களுக்கு எலெக்ட்ரிக் வண்டி ஒண்ணும் புதுசில்லை. 2021-ல ஏத்தர் ஓசூர்ல ஃபேக்டரி போட்டாங்க. அதே வருஷம் ஓலா போச்சம்பள்ளி பக்கம் வந்தாங்க. ரெண்டுமே ஸ்கூட்டர். காருன்னு பார்த்தா, 2001-லயே ஓசூர் ரோட்டு பொம்மசந்திராவுல இருந்து 'ரேவா' வந்தாச்சு. குட்டியூண்டு கார். ஸ்பீடோமீட்டர் முள் 90-ஐத் தொடவே தொடாது. ஸோ, இந்த வாரம் நாம பேசப்போற பிரச்னை அதுக்கு வர வாய்ப்பே இல்லை!

பிரச்னை எங்க ஏரியா கேப் டிரைவர் அண்ணனோடது. லோன் போட்டு எலெக்ட்ரிக் கார் எடுத்து, கிருஷ்ணகிரி - பெங்களூரு ட்ரிப் அடிக்கிறார். ஊருக்குள்ள வண்டி பூ மாதிரி போகும். சூளகிரி தாண்டி 85, 90 வந்துச்சுன்னா சீட்டுக்கு அடியில 'கிர்ர்ர்...' 100 நெருங்கினா குறைஞ்சிடும். சர்வீஸ்ல 'இந்த மாடலே அப்படித்தான்' என்றார்களாம். டயர் கடையில 'நாலையும் மாத்திடுங்க'. நாலு டயர்னா அந்த மாச டியூ காலி. மாத்தாட்டி, பின்சீட்டு கஸ்டமர் ஸ்டார் குறைப்பார்.

"மாத்தறதுக்கு முன்னாடி என்னன்னு பார்த்துடுவோம்ணே" என்றேன்.

பெட்ரோல் கார்ல இன்ஜின் எப்பவுமே ஆடிக்கிட்டிருக்கும். அதுல சின்னச் சின்ன நடுக்கமெல்லாம் மறைஞ்சு போயிடும். எலெக்ட்ரிக் கார்ல அந்தப் போர்வை கிடையாது. வீல் தும்மினாலும் சீட்டுக்குத் தெரியும்!

இப்ப கொஞ்சம் கணக்கு. ஓடாதீங்க பாஸ், ஈஸிதான். 90 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 25 மீட்டர். அந்த டயர் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2.08 மீட்டர் போகும். வகுத்தா செகண்டுக்கு 12 சுத்து. ரிம் ஓரத்துல வெறும் 20 கிராம் கூடுதலா இருந்தா, 90-ல அது சுமார் 2.3 கிலோ பாரம் மாதிரி இழுக்கும், அதுவும் செகண்டுக்கு 12 தடவை. பாதி வேகத்துல இழுப்பு பாதியில்லை, கால்வாசி. ஊருக்குள்ள தெரியாத ரகசியம் அதுதான். 100-ல ஏன் குறையுது? சஸ்பென்ஷனுக்கும் பாடிக்கும் பிடிச்ச ஒரு ஃப்ரீக்வென்சி இருக்கு. அதைத் தாண்டினா ஆட்டம் அடங்கும். ரெசனன்ஸ், நம்ம டைனமிக்ஸ் பேப்பர்ல வர்ற அதே ஆள்.

மோட்டாரா இருக்குமோ? சிங்கிள் கியர் வண்டியில வீல் ஒரு சுத்து சுத்த மோட்டார் ஒன்பது சுத்து போல சுத்தும். அப்போ செகண்டுக்கு நூத்துக்கு மேல. அது 'ங்ங்...'னு காதுல கேட்குமே தவிர, சீட்டை இப்படி உலுக்காது. பெட்ரோல் கார்ல நியூட்ரல் போட்டுப் பார்ப்பாங்க. இன்ஜின் வேகம் இறங்கியும் நடுக்கம் இருந்தா வீல் பக்கம்தான் கோளாறு. இந்தக் கார்ல கிளட்ச் கிடையாது. நியூட்ரல் போட்டாலும் மோட்டார் வீலோட சேர்ந்து சுத்திக்கிட்டேதான் இருக்கும், அதனால அந்த டெஸ்ட் பாதிதான் செல்லும். பெடலை அழுத்தினா மட்டும் நடுங்கி, விட்டா நின்னுடுச்சுன்னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். அண்ணன் கார் ரெண்டுலயும் ஒரே மாதிரி நடுங்குச்சு.

அடுத்து செல்போன். அதுக்குள்ள இருக்கிற ஆக்சிலரோமீட்டரைப் படிக்க இலவச ஆப் கிடைக்குது. பின்சீட்டு ஃப்ளோர்ல டேப் போட்டு ஒட்டி, அண்ணன் ஓட்ட, நான் பார்த்தேன். (ஓட்டுறவர் போனைத் தொடவே கூடாது.) எம்-3 பேப்பர்ல நம்மைப் பாடாப்படுத்தின ஃபூரியே இங்கே உதவிக்கு வந்தார். கிராஃப்ல 12 ஹெர்ட்ஸ்ல ஒரு கொம்பு. வீல்தான்னு கன்ஃபர்ம்!

எந்த வீல்? ஸ்டியரிங் ஆடினா பெரும்பாலும் முன்பக்கம், சீட் ஆடினா பின்பக்கம். பின் வீல் ரெண்டையும் முன்னாடி மாட்டச் சொன்னோம். (அடியில பேட்டரி இருக்கு, ஜாக்கியை கம்பெனி குறிச்ச இடத்துல மட்டும்தான் வைக்கணும்.) இப்ப நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வந்துடுச்சு. ஆனா பேலன்சிங் மெஷின்ல ரெண்டு வீலுக்குமே 0, 0 காட்டுது. டயர் கடைக்காரர் ஜெயிச்ச மாதிரி சிரிச்சார்.

மெஷின் எடையைத்தான் பார்க்கும், உருண்டையான்னு பார்க்காது. அதே மெஷின்ல வீலை மெதுவா சுத்தவிட்டு, ரிம் விளிம்புகிட்ட ஒரு பேனாவை ஆடாம பிடிச்சோம். இடதுபக்க வீல்ல மட்டும் இடைவெளி விரியுது, சுருங்குது. உள்பக்க விளிம்பு பள்ளத்துல அடிவாங்கி நசுங்கியிருக்கு! கோணல் ரிம்முக்கு எத்தனை ஈயம் ஒட்டினாலும் அது உருண்டு வராது.

ஒரே ஒரு ஸ்டீல் ரிம் மாத்தினாங்க. ஹப்ல இருந்த துருவைச் சுரண்டி, நட்டை ஸ்டார் மாதிரி எதிரெதிரா டார்க் ரெஞ்ச் வெச்சு முடுக்கி, மறுபடி பேலன்ஸ். பழைய டயர் நாலும் அப்படியே. மறுபடி சூளகிரி, மறுபடி 90. கொம்பு படுத்துடுச்சு. அண்ணன் திரும்பிப் பார்க்கல, கண்ணாடியில மட்டும் சிரிச்சார்.

உங்க வீட்டு எலெக்ட்ரிக் கார் பிரேக் போடும்போது மட்டும் நடுங்குதா? அது வேற கேஸ். ரீஜென் பிரேக்கிங்லயே வேகம் குறைஞ்சிடுறதால டிஸ்க்குக்கு வேலை கம்மி, அதனால துருப்பிடிக்கும். அதைப் பத்தி அடுத்த வாரம்.