பயனற்ற வாய்கள்

கோட்டைகளின் சரித்திரத்தை எழுதுவோர் கட்டியவனின் புகழைப் பாடுவர். பிடித்தவனின் வீரத்தைப் பாடுவர். கோட்டையை நம்பி உட்புகுந்த குடியானவனுக்கு நேர்ந்ததை ஒரு வரியில் முடித்துவிடுவர். பிரான்ஸ் தேசத்து நோர்மண்டியிலே, செயின் நதிப் பள்ளத்தாக்கின் மேல், சுமார் 300 அடி உயரச் சுண்ணக்கற் குன்றில் இடிந்து நிற்கும் சாத்தோ கையார் கோட்டையின் கதையும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இங்கிலாந்தின் மன்னனும் நோர்மண்டியின் கோமகனுமாகிய சிங்கநெஞ்சன் றிச்சாட், 1196 இல் இக்கோட்டையைத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் முடித்தான். அந்தெலி என்னும் அவ்விடத்தில் அரண் எழுப்பலாகாதென அதே ஆண்டுத் தொடக்கத்திலேதான் பிரெஞ்சு மன்னன் பிலிப்போடு உடன்படிக்கை செய்திருந்தான். ஆள்வோரின் ஒப்பந்தங்களுக்கு ஆயுள் எவ்வளவு என்பதை எம் வாசகருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்துக்குரியவரான ரூவான் பேராயர் வெகுண்டு, நோர்மண்டி எங்கணும் திருவழிபாட்டையே தடைசெய்தார். 1197 இல் தியப்புத் துறைமுகம் முதலியன ஈடாகக் கிடைத்தபின் அமைதியுற்றார். பேராயராயிருந்தமையால் ஈடு கிடைத்தது! கட்டடச் செலவோ அக்காலத்திலேயே சுமார் 12,000 பவுண்.

1199 இல் றிச்சாட் மாண்டான். தம்பி ஜோன் அரியணை ஏறினான். 1203 இல் பிலிப்பின் படை கோட்டையை முற்றுகையிட்டது. அடிவாரத்து ஊர்மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். தளபதி றோஜர் டி லேசி களஞ்சியத்தைக் கணக்கிட்டான். போரிடாதவரெல்லாம் பயனற்ற வாய்கள் எனக் கண்டான். முதலில் ஐந்நூறு பேரையும், பின்னர் ஐந்நூறு பேரையும் வெளியேற்றினான். பிரெஞ்சுப் படையினர் அவர்களைப் போகவிட்டனர். இதனை அறிந்த பிலிப்பு, இனி எவரையும் விடலாகாதெனக் கட்டளையிட்டான். இறுதியாகத் துரத்தப்பட்ட நூற்றுக்கணக்கானோரை எதிரே அம்புகள் மறித்தன. திரும்பி ஓடிவந்தபோது கோட்டைக் கதவு திறக்கவில்லை. மதிலுக்கும் பாசறைக்கும் இடையே, மாரிக்காலக் கடுங்குளிரில், புல்லையும் கோட்டையினின்று துரத்தப்பட்ட நாய்களையும் உண்டு கிடந்தனர். பலர் மடிந்தனர். மாதங்கள் கழிந்த பின்னரே பிலிப்பு மனமிரங்கி எஞ்சியோரைப் போகவிட்டான்.

போர்க்காலத்தில் வேறு வழியில்லை என வாதிப்பாரும் உளர். அவர்களை நாம் கேட்கின்றோம்: களஞ்சியத்துத் தானியம் வானத்திலிருந்தா விழுந்தது? அதனை உழுது விளைவித்த கைகள் எவருடையவை? வாளேந்தியவன் வாய் பயனுடையதும், ஏரேந்தியவன் வாய் பயனற்றதும் ஆவது எந்நீதி? அன்றியும் அக்கோட்டை பசியால் வீழவில்லை. சுரங்கம் தோண்டியும், பொறிகளாற் கல்லெறிந்தும், சிறு திறப்பொன்றின் வழியே உட்புகுந்தும் பிரெஞ்சுப் படையினர் அதனை 1204 மார்ச் 6 ஆந் திகதி கைப்பற்றினர். ஜூன் மாதத்தில் ரூவான் நகரும் பணிந்தது; நோர்மண்டி ஆங்கில மன்னனின் கைவிட்டுப் போயிற்று. சிறைப்பட்ட தளபதியோ மீட்புப்பணம் கொடுத்து விடுவிக்கப்பட்டான்.

இவ்வவலத்தை நாம் அறிவதும், வென்ற மன்னனின் குருவாகிய பிரித்தானி வில்லியம் எழுதிவைத்தமையாலேயே.

பின்னர் கோட்டை பாழடைந்தது. அதனை எவரேனும் செப்பனிட்டால் சுற்றுப்புற மக்களுக்கே தீங்காகும் என்ற அச்சம் நிலவிற்று. வேண்டுகோளுக்கிணங்கி 1599 இல் நான்காம் ஹென்றி மன்னன் அதனை இடிக்க ஆணையிட்டான். கற்களிற் சில, கப்புச்சின் துறவிகள் தம் மடத்தைத் திருத்துவதற்குப் பயன்பட்டன.