ஊருக்கு என்ன வந்தது?

வருஷம் தவறாமல் நம் பல்கலைக்கழகங்கள் ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. எத்தனை பட்டம், எத்தனை கருத்தரங்கு, எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை, எத்தனை கிராமத்தில் முகாம் என்று பத்தி பத்தியாகக் கணக்கு. எல்லாம் ஏறுமுகம்! என் கேள்வி ஒன்றே ஒன்று: ஊருக்கு என்ன வந்து சேர்ந்தது?

1929-ல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அதற்கு ஒரு கடலுயிரியல் நிலையம் உண்டு. 2004-ல் சுனாமி அந்தக் கரையைத் தாக்கியது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் உயிர்ச்சேதம் குறைவு என்று அந்த நிலையத்து அறிஞர்கள் 2005-ல் எழுதினார்கள். காடு அல்ல, தூரமும் மேடுமே காரணம் என்று வேறு அறிஞர்கள் மறுத்தார்கள். அருமையான வாதம், உயிர் காக்கும் வாதம். ஆனால் நடந்தது ஆங்கில ஆராய்ச்சி ஏட்டில்!

வீட்டை எங்கே கட்டுவது, காட்டை ஏன் காப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் கிள்ளை மீனவர். அவருக்காகத் தமிழில் இரண்டு பக்கம் எழுதுவது ஆராய்ச்சிக்கு இழுக்கா? "அது எங்கள் வேலையல்ல" என்பவர்கள், 'சமூகத் தொண்டு' என்ற தலைப்பை அறிக்கையிலிருந்து அடித்துவிடட்டும்.

கட்டுரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் போடுங்கள், ஐயா: தமிழில் ஊராருக்குச் சொன்னவை எத்தனை? அது நிரம்பட்டும், அப்புறம் வளர்ச்சி என்று சொல்லுங்கள், கேட்கிறோம்.