அண்ணன் பாஸ்போர்ட், தம்பி பாஸ்போர்ட்

ஒரு கூட்டம் முன்னேறிவிட்டது, இன்னொரு கூட்டம் அங்கேயே நிற்கிறது என்று யாராவது பேச்செடுத்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் எந்தக் காகிதத்தோடு கப்பல் ஏறினார்கள்? தருமபுரத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை வைத்துப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன தெரியும் என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். (ஆதீனம் இருக்கிற மயிலாடுதுறைத் தருமபுரத்தைச் சொல்லவில்லை. காரைக்கால் நகரத்தை ஒட்டி, யாழ்முரிநாதர் கோயில் இருக்கிற தருமபுரம்.) பிரான்சுக்குப் போகிற காகிதமும் குவைத்துக்குப் போகிற காகிதமும் என் மேஜைக்குத்தான் வருகின்றன. காலையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு ஆயுள் சான்றை ஸ்கேன் செய்து அனுப்புவேன். மதியம் பத்தாவது தாண்டாத பையனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவேன். இரண்டு பேரும் ஒரே தெருவாக இருப்பார்கள். சில சமயம் ஒரே குடும்பமாகவும்.

சில நாட்களாக ஒரு வாட்ஸ்அப் செய்தி ஊரைச் சுற்றுகிறது. அமெரிக்காவுக்கு அகதியாக வந்த வியட்நாமியர் ஐம்பதே ஆண்டில் கடை, வீடு, டாக்டர் பிள்ளை என்று ஆகிவிட்டார்களாம். மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்தும் தோட்டத்திலும் ஓட்டல் அடுப்படியிலும் நிற்கிறார்களாம். காரணம் குணம், குடும்பக் கட்டு, படிப்பு ஆசை என்கிறது அந்தச் செய்தி. அதோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். அடியில் நம்மூர்க்காரர் ஒருவர் சேர்த்திருந்தார்: நம்ம காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடும்பமும் சபராளிக் குடும்பமும் இப்படித்தானே!

இப்படித்தானா? (வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிறவரைத்தான் நம்மூரில் சபராளி என்பார்கள்.) எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மூத்த மகன் இங்கே காரைக்காலில் பிறந்தார். இளையவர் சைகோனில் பிறந்தார். 1954-க்குப் பிறகு குடும்பம் ஊர் திரும்பியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று, பிரெஞ்சுப் பகுதியாக இருந்த காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது அண்ணன் தம்பி இருவருமே தருமபுரத்தில்தான் இருந்தார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே சோறு.

இந்தியாவும் பிரான்சும் போட்ட இணைப்பு ஒப்பந்தம் என்ன சொன்னது? பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருப்பவர் தானாகவே இந்தியர் ஆவார். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் சுமார் ஐயாயிரம் பேர்தான் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. தம்பி சைகோனில் பிறந்தவர். அந்த விதி அவரைத் தொடவே இல்லை. எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நின்றுவிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார், பதினைந்து வருஷம் சேவை முடித்து பென்ஷன் வாங்கினார், பிள்ளைகளைப் பாரிஸ் பக்கம் சார்செல்லில் படிக்க வைத்தார். அண்ணன் இங்கே நிலம் பார்த்தார். அண்ணனின் பேரன் குவைத்தில் ஏசி மெக்கானிக். தம்பியின் பேத்தி பிரான்சில் அரசு மருத்துவமனை நர்ஸ்.

இதில் குணத்தை எங்கே பிரிப்பீர்கள்? படிப்பு ஆசை அண்ணனிடம் குறைந்து தம்பியிடம் கூடியதா? அண்ணன் பேரன் ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறுகிறவன். உழைப்பில் அவனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போனால் கணக்கு இன்னும் கசக்கும். 1850-களிலிருந்து காரைக்கால் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூலிக் கப்பல்கள் ரெயூனியனுக்கும் கரீபியத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போயின. ஏறியவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் பிரஜைகள். திருமலைராயன்பட்டினத்தில் பிறந்தவன் பிரெஞ்சுப் பிரஜை, திருமருகலில் பிறந்தவன் பிரிட்டிஷ் பிரஜை. நடுவில் இருப்பது வயல் வரப்பு. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், கரும்புத் தோட்டம். முடிந்ததும் திரும்பக் கப்பல் உண்டு என்று எழுதியிருந்தது. திரும்பி வந்தவர்கள் கால்பங்குக்கும் குறைவு.

அதே காலத்தில் அதே பிரெஞ்சு அரசு இங்கே வேறொரு காகிதத்தை நீட்டியது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தன் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன், பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் ரெனோன்சான்கள். முன்வந்தவர்களில் கிறிஸ்தவர்களும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியினரும் மிகுதி. அந்தக் காகிதத்தோடு அவர்கள் சைகோனுக்குப் போனார்கள். காவல், வரி வசூல், தபால், குமாஸ்தா வேலை என்று அமர்ந்தார்கள். ஐரோப்பியருக்கான ஊதிய வரிசையில் இடம் கேட்டார்கள், பலர் பெறவும் செய்தார்கள். பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்த வியட்நாமியருக்குச் சம்பளம் குறைவு. ரெனோன்சானுக்கு அங்கே ஓட்டும் இருந்தது. அந்த மண்ணுக்காரர்களில் மிகப் பலருக்கு இல்லை. வியட்நாமியப் பத்திரிகைகள் இதை எழுதி எழுதிக் கொதித்தன. கொதித்ததில் நியாயம் இருந்தது.

வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1930-இல் சைகோனில் உட்கார்ந்து இதே ஒப்பீட்டை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? தமிழன் முன்னேறுகிறவன், வியட்நாமியன் பின்தங்கியவன் என்றுதானே? அந்த வியட்நாமியரின் பேரப்பிள்ளைகளைத்தான் இப்போது உழைப்புக்கு உதாரணம் காட்டுகிறார். நாற்பது ஐம்பது வருஷத்தில் ஓர் இனத்தின் குணம் தலைகீழாகத் திரும்பிவிடுமா? மாறியது காகிதம்.

1975-இல் சைகோன் விழுந்ததும் அமெரிக்கா அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மே 23 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் முகாம்களில் இறங்கினார்கள். மருத்துவம், ஆங்கில வகுப்பு, உதவித்தொகை, பொறுப்பேற்க ஓர் ஆதரவாளர், 1977-இல் நிரந்தரக் குடியிருப்புக்கு வழி என்று எல்லாம் வந்தது. கலிஃபோர்னியாவில் நடிகை டிப்பி ஹெட்ரன் இருபது வியட்நாமியப் பெண்களுக்கு நகம் அழகுபடுத்தும் தொழிலைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்கா முழுக்க அந்தத் தொழில் வியட்நாமியர் கையில் இருப்பதன் தொடக்கம் அது. அவர்கள் உழைக்கவில்லை என்று யார் சொன்னது? லைசென்ஸ் எடுத்துக் கடை திறக்க முடிந்ததால் அந்த உழைப்பு அவர்கள் பெயரில் சேர்ந்தது.

மெக்சிகோக்காரருக்கு நடந்தது வேறு. 1942 முதல் 1964 வரை பிரசேரோ திட்டம் என்று அரசாங்கமே கூப்பிட்டது. சுமார் நாற்பத்தாறு லட்சம் ஒப்பந்தங்கள். பயிர் அறுக்க வா, அறுத்ததும் போ. திட்டத்தை மூடினார்கள், 1965 குடியேற்றச் சட்டமும் பிறகு வந்த நாட்டுக்கு இருபதாயிரம் விசா என்ற வரம்பும் வாசலைச் சாத்தின. தோட்டத்து முதலாளிக்கு ஆள் தேவை மட்டும் அப்படியே இருந்தது. எனவே ஆட்கள் வந்தார்கள், காகிதம் இல்லாமல். சம்பளம் குறைத்தால் கேட்க முடியாது, லைசென்ஸ் எடுக்க முடியாது, வங்கிக் கடன் கிடையாது. 1986-இல் சுமார் இருபத்தேழு லட்சம் பேருக்குச் சட்டபூர்வத் தகுதி கிடைத்தது, பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். கிடைத்தவர்களின் கூலி ஏறியதை ஆய்வுகள் காட்டின. குணம் அதேதான், ஆள் அதேதான். பொருளாதார ஆய்வாளர்கள் ரான் அப்ரமிட்ஸ்கியும் லியா பௌஸ்டனும் நூறாண்டுப் பதிவுகளைத் தோண்டி 2022-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் ஏறக்குறைய எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அதே வருமானமுள்ள அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட மேலே ஏறுகிறார்கள் என்பது அதன் சாரம். மெக்சிகோப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

எல்லாமே காகிதம்தானா என்று கேட்பீர்கள். இல்லை. 1975-இல் முதலில் வந்த வியட்நாமியரில் படித்த அதிகாரிகள் அதிகம். பின்னால் படகில் வந்தவர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். லாவோஸ் மலையிலிருந்து வந்த மோங் மக்களுக்கும் அதே அகதிக் காகிதம்தான் கொடுக்கப்பட்டது, ஆனால் வறுமை சீக்கிரம் விடவில்லை. மலையில் காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள், பள்ளியைப் பார்க்காதவர்கள். கொண்டுபோகும் படிப்புக்கு விலை உண்டு. ஆனால் அந்தப் படிப்பும் யாரோ கொடுத்ததோ கொடுக்க மறுத்ததோதான்.

எனக்கு உண்மையிலேயே யோசனை தருவது பாரிஸ் லா ஷப்பல் பகுதி. காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் குடிமக்களாகவே பிரான்சில் இறங்கியவர்கள். ஆனால் அந்தத் தெருக்களில் மளிகைக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, ஓட்டல் பெரும்பாலும் 1980-களிலிருந்து அகதியாக வந்த ஈழத்தமிழர்களுடையவை. 1985-இல் அங்கே மாணிக்க விநாயகர் கோயில் எழுப்பி ஆண்டுதோறும் தேர் இழுப்பதும் அவர்கள் தொடங்கியதுதான். காகிதம் வைத்திருந்த நாம் ராணுவம், தபால், ரயில்வே என்று சம்பளத்தையும் பென்ஷனையும் பிடித்துக்கொண்டோம். அவர்களுக்கு அந்த வேலைகளின் கதவு திறக்காததால் கடை வைத்தார்கள். விடுமுறைக்கு வரும் நம்மாட்கள், ஈழத்தமிழன் வியாபாரத்தில் கெட்டிக்காரன், நாம்தான் சோம்பேறி என்று அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அதுவும் தப்புக் கணக்கு. இரண்டு பேரும் தங்கள் காகிதம் விட்ட வழியில் போனார்கள்.

கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையையும் முடித்துவிடுகிறேன். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்ற கூலி வம்சத்துப் பிள்ளை, நாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1904-இல் வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் ஜெயித்தார். இங்கே காரைக்காலில் இருந்தவர்கள் 1871-லேயே பாரிசுக்குப் பிரதிநிதி அனுப்ப ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1946-இல் அந்தத் தீவுகள் பிரான்சின் மாவட்டங்களாயின. அதற்குப் பிறகு குவாதலூப்பிலிருந்து எர்னெஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தார். ரெயூனியனிலிருந்து ழான்-போல் வீரப்பிள்ளை செனட்டுக்குப் போனார். உரிமை முன்னே வந்தது, உயர்வு பின்னே வந்தது.

இனி வளைகுடாவுக்கு வருகிறேன், என் கோபம் அங்கேதான். சபராளி சம்பாதித்ததை வீடு கட்டியே அழிக்கிறான், பிரெஞ்சுக்காரன் பிள்ளையைப் படிக்க வைக்கிறான் என்று நம்மூரில் சாதாரணமாகப் பேசுகிறார்கள். முப்பது வருஷம் குவைத்தில் உழைத்தாலும் அங்கே குடியுரிமை கிடையாது. குறைந்த சம்பளக்காரன் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. முதலாளி ஒப்புதல் இல்லாமல் வேலை மாறுவது பெரும்பாடு. அக்காமா (குடியிருப்பு அனுமதி) முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் திரும்ப வேண்டியது தருமபுரத்துக்கே என்று தெரிந்தவன் தருமபுரத்தில் வீடு கட்டாமல் எங்கே கட்டுவான்? தம்பி சார்செல்லில் வீடு வாங்கியது சேமிப்புப் புத்தியாம், அண்ணன் பேரன் இங்கே கட்டியது ஊதாரித்தனமாம்.

பிரெஞ்சுக் காகிதத்தை அந்தப் பையனுக்கு யாராலும் வாங்கித்தர முடியாது. அவன் கையில் இருக்கிற காகிதத்தையாவது ஒழுங்காக்கலாம். பத்தாவது முடிக்காதவன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) முத்திரை விழும். அவன் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த வழியில் போனால் ஒப்பந்தம் பதிவாகும், பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு, பதிவு பெற்ற ஏஜென்ட் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான வரியும் தவிர வாங்கக் கூடாது. இதையெல்லாம் தாண்டிக் குதிக்கத்தான் 'ஃப்ரீ விசா', 'விசிட்டில் போய் மாற்றிக்கலாம்' என்கிறார்கள். அப்படிப் போனவன் மெக்சிகோ எல்லையைத் தாண்டியவன் மாதிரிதான். சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது.

புதுச்சேரி அரசு காரைக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டு, போகிற ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் தமிழில் படித்துக்காட்ட ஓர் ஆளை உட்கார வைக்கட்டும். பெரிய செலவில்லை. அதுவரை, பிள்ளையை அனுப்பும் தாய்மாருக்குச் சொல்கிறேன்: ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் காகிதத்தை என் கடைக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.