பெயர் விடுபட்டவர்கள்

1692-ஆம் வருஷத்தில், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த அமெரிக்க மாஸசூஸெட்ஸில், ஸேலம் என்னும் ஊரைச் சுற்றிச் சூனியக்காரிகளைப் பிடிக்கும் வெறி மூண்டது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். பிறர் கண்டதாகச் சொன்ன மாயத் தோற்றங்களே பெரிதும் சாட்சியம். இது நேயர்கள் அறிந்த சரித்திரம். பலர் அறியாதது எலிஸபெத் ஜான்ஸன் என்பவளின் வரலாறு. 22 வயதில் பிடிபட்டு, 1693-ல் மரண தண்டனை விதிக்கப்பெற்றவள், கவர்னரின் தயவால் உயிர் தப்பினாள். 1711-ல் பலருடைய தண்டனைகளை ரத்துச் செய்தபோது ஜாபிதாவில் அவள் பெயர் இல்லை. மறு வருஷம் அவளே மனுச் செய்து பார்த்தாள், பயனில்லை. 1957-லும், 2001-லும் விடுபட்டாள். சந்ததி இல்லாதவளுக்காக யார் பேசுவார்? ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் வாதாடிய பிறகே 2022-ல் அவள் மீதிருந்த களங்கம் நீங்கிற்று.

அன்னிய தேசத்துப் பழங்கதை நமக்கெதற்கு என்பார் உண்டு. சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமைக்கு ஜார்க்கண்டும் அஸ்ஸாமும் இக்காலத்தில் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது ஒருபுறமிருக்கட்டும். பட்டம் ஒன்றைச் சூட்டிவிட்டால் விசாரணையே வேண்டாம் என்னும் மனோபாவம் நம் வாசலிலும் நிற்கிறது. நம் ஜவ்வாது மலையில் அப்பட்டத்தின் பெயர் ‘செம்மரக் கடத்தல்காரன்’.

2015 ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திர ஸர்க்காரின் விசேஷப் படையினர் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றனர். ஜவ்வாது மலைவாசிகள் உட்பட, திருவண்ணாமலை, தர்மபுரி முதலிய ஜில்லாக்களின் ஏழைகள் அவர்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலீஸ் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை! மாண்டவர்களில் சிலரை முன்னதாகவே போலீஸார் பிடித்துச் சென்றதாகத் தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர்.

மரம் வெட்டப் போகிறவர்களே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. சாமை விளையும் மேட்டு நிலத்தில் வயிறு நிரம்பாதபோது, கோடரி பழகிய கையைத் தேடித் தரகன் வருகிறான். மரம் கடல் கடந்து போய்ப் பெருவிலைக்கு விற்கிறது. அப்பணம் ஜமுனாமரத்தூருக்கு வருவதில்லை. குண்டு மட்டும் வெட்டியவன் மார்பைத் தேடி வருகிறது.

பட்டத்தை நம்பிச் சிறையிலடைத்ததன் லட்சணத்துக்கு வேறொரு சான்றும் உண்டு. 2013 டிசம்பரில் அதே காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொடிய செயல், சந்தேகமில்லை. அதற்காக 280-க்கு மேற்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்கினர், பெரும்பாலோர் தமிழர். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குள் சிறையில் கழிந்த காலத்துக்கு ஈடு தருவது யார்?

விசாரணைக்கு வந்தவர்கள் விடுதலை பெற்றார்கள். சேஷாசலத்தில் மாண்ட 20 பேருக்கு விசாரணையே இல்லை. எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாத அவர்கள்மீது அந்தப் பட்டம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று சுடப்பட்டவர்கள் எங்கே, எந்த நேரத்தில், யாரால் பிடிக்கப்பட்டார்கள் என்பதை நீதிமன்றத்தில் வெளிப்படையாக விசாரித்து, ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே சொல்லித் தீர்ப்பளிக்க வேண்டும். நிவாரணத் தொகையோடு தன் கடமை முடிந்ததென்று தமிழ்நாட்டு ஸர்க்கார் இராமல், மலைக் குடும்பங்களின் சார்பில் இதற்காக வழக்காட முன்வரவேண்டுமென்று கேட்கிறோம்.