மருத்துவமனை வாசலில் தீர்ப்பு வேண்டாம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலா வருவோருக்கு அவை அழகிய காட்சி. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்வோருக்கோ அவை கடக்க வேண்டிய தொலைவு. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவர் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமானால், ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டும். ஆகவே மலைவாழ் மக்களுக்கு மருத்துவம் என்பது பெரும்பாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் அங்குள்ள மருத்துவரும் செவிலியருமே.

அந்த அருகிலுள்ள வாசலை மிதிக்கவே அஞ்சுவோர் சிலர் நம் சமூகத்தில் உள்ளனர். அவர்கள் திருநங்கையரும் திருநம்பியரும். சீட்டு எழுதுமிடத்தில் பெயரை உரக்கக் கூப்பிட்டால் வரிசையில் நிற்போர் திரும்பிப் பார்ப்பார்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம் காய்ச்சலுக்குத் தொடர்பற்ற கேள்விகள் கேட்கப்படும். இவற்றினும் பெரிய அச்சம் ஒன்றுண்டு. சிற்றூரில் மருத்துவமனை ஊழியரும் மருந்துக்கடைக்காரரும் அண்டை வீட்டார், ஒருவேளை உறவினர். காலையில் மருத்துவரிடம் சொன்னது மாலைக்குள் வீட்டை எட்டிவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டையே இழக்க நேரிடும்.

அஞ்சியவர் என்ன செய்கிறார்? நோயை மறைக்கிறார், அல்லது மருந்தைத் தாமே தேடிக்கொள்கிறார். மருத்துவர் சீட்டின்றி ஹார்மோன் மாத்திரை உண்பதும், கருத்தடை மாத்திரைகளை அதற்கு மாற்றாக விழுங்குவதும் உலகெங்கும் மருத்துவர்கள் கண்டுவரும் பழக்கம். எஸ்ட்ரோஜன், குறிப்பாகக் கருத்தடை மாத்திரைகளில் உள்ள வகை, இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பைக் கூட்டும். புகைப்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் அடர்த்தியை உயர்த்தும். எளிய இரத்தப் பரிசோதனைகளாலும் அளவான மருந்தாலும் பெரிதும் தவிர்க்கக்கூடிய கேடுகள் இவை. ஆனால் பரிசோதிப்பதற்கு அவர் முதலில் வாசலுக்குள் வர வேண்டும்.

பாலின அடையாளத்தை ஏற்று அளிக்கும் மருத்துவம் என்றவுடன் நம் மனத்தில் அறுவைக் கத்தியே தோன்றுகிறது. ஆரம்ப நிலை மருத்துவத்தில் அது மிக எளிய பொருள் உடையது. நோயாளி விரும்பும் பெயரால் அழைப்பது, சொன்ன நோய்க்குத் தேவையான அளவே உடலைப் பரிசோதிப்பது, மனச்சோர்வைக் கவனித்துக் கேட்பது, ஏற்கெனவே ஹார்மோன் எடுத்துக்கொள்வோரின் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தையும் கண்காணிப்பது, தேவையெனில் உரிய சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவையே அதன் பெரும்பகுதி. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த தனது நோய் வகைப்பாட்டில் இந்நிலையை மனநோய்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

'இறைவனின் படைப்பை மாற்றுவதற்குத் துணைபோகலாமா?' என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. பிறப்பிலேயே பாலுறுப்பு தெளிவற்று அமைந்த குன்ஸாவைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அவருடைய வாரிசுப் பங்கு என்ன, தொழுகை அணியில் அவர் நிற்குமிடம் எது, இறந்தால் குளிப்பாட்டுவது எவ்வாறு என்றெல்லாம் ஆராய்ந்தன. அவரைச் சமூகத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. திருநங்கையர் பலரின் நிலை அதனின் வேறு என்பதையும் நாம் அறிவோம். நம் மதரஸாக்களில் பயிலப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், இயல்பிலேயே பெண் சாயலுடன் படைக்கப்பட்ட ஆணையும் வேண்டுமென்றே அவ்வாறு பாவனை செய்பவரையும் பிரித்துக் காட்டி, முன்னவர் மீது பழியில்லை என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார்கள்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈரானில் ஆயதுல்லாஹ் கொமெய்னி 1980களில் அதற்கு அனுமதியளித்தார். சுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களில் பெரும்பாலோர் குன்ஸாவுக்கு மட்டுமே அனுமதிக்கின்றனர். அந்த விவாதம் உலமாக்களின் அவையில் நடக்கட்டும். அதை முடித்துவைக்கும் தகுதி நமக்கும் இல்லை. சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுபவருக்கும் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுப்பதற்கும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும், இரத்தம் உறைந்து உயிர் போகாமல் காப்பதற்கும் எந்த ஃபத்வாவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வேறு, சிகிச்சை வேறு என்பதே இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது. நோயுற்றவரை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்.

நாட்டுச் சட்டமும் இத்திசையிலேயே நடந்து வந்துள்ளது. தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களுக்கான மருத்துவ வசதியை அரசின் கடமையாக்கியது. திருநர் என்ற காரணத்துக்காகப் பிள்ளையை நீதிமன்ற ஆணையின்றிக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்றும் கூறியது. அடித்தும் அச்சுறுத்தியும் 'மாற்றிவிடுகிறோம்' என்று செய்யப்படும் சிகிச்சைகளை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறு ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது.

தனி மருத்துவமனைகள் அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஹைதராபாத்தில் 2021இல் தொடங்கப்பட்ட மித்ர் கிளினிக் திருநர்களாலேயே நடத்தப்பட்டு நற்பெயர் பெற்றது. ஆனால் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதும் 2025 தொடக்கத்தில் அதன் கதவுகள் மூடப்பட்டன. பெருநகரத்துத் தனி மருத்துவமனை நிதி நின்றால் நின்றுவிடும். மலையிலிருந்து அதை எட்டுவதும் அரிது. எல்லா நோயாளியும் செல்லும் சாதாரண சுகாதார நிலையமே திருநர்களையும் ஏற்க வேண்டும்.

இதில் நமக்கு என்ன பங்கு? நம் குடும்பங்களில் மருத்துவர்கள் உள்ளனர். செவிலியரும் மருந்தாளுநரும் உள்ளனர். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: நோயாளி சொன்னது அமானிதம். அதை வீட்டிலோ ஜமாஅத்திலோ பகிர்வது அமானித மோசடி. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி நாம் அறிந்ததே. மலையூரில் ஒரு திருநங்கை அச்சமின்றி மருத்துவம் பெறுவதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. நாவடக்கம் உள்ள நான்கு ஊழியர்கள் போதும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை தன் குழப்பத்தை உங்களிடம் சொன்னால் முதலில் கேளுங்கள். சிறு வயதில் மருந்து கொடுங்கள் என்று நாம் கூறவில்லை. கதவைச் சாத்தாதீர்கள், மந்திரிப்பவரிடம் அடிவாங்க அனுப்பாதீர்கள் என்றே கூறுகிறோம். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளை தொழுகையை நோக்கி அல்ல, தெருவை நோக்கியே செல்கிறது. அங்கு அதற்கு நேரும் ஒவ்வொன்றுக்கும் நாமும் பதில் சொல்ல வேண்டியவர்களாவோம். ஜமாஅத் பொறுப்பாளர்களும் ஸதகா நிதியிலிருந்து மலையிறங்கும் ஏழை நோயாளியின் பேருந்துக் கட்டணத்தை ஏற்கும்போது, அவர் திருநரா என்று கேளாமல் ஏற்கட்டும். அவர்களுள் ஒருவர் இறந்தால் ஜனாஸா யாருமற்றுக் கிடக்க விடாதிருக்கட்டும்.

நோயுற்ற அடியானைக் காணச் சென்றவர் அங்கே தன்னைக் கண்டிருப்பார் என்று மறுமையில் இறைவன் கூறுவதாக ஹதீஸ் குத்ஸீ அறிவிக்கிறது. அந்த அடியான் ஆணா பெண்ணா என்ற விவரம் அதில் கேட்கப்படவில்லை. நம் மருத்துவமனை வாசல்களிலும் அது கேட்கப்படாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.