வயதா சத்தம் போடுகிறது?

“அண்ணே, பதினாறு வருசத்து ஹைலக்ஸ். சத்தம் போடாம சங்கீதமா பாடும்? ஸ்கிராப் பண்ணிட்டு வேற பாருங்க.”

சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் போன வாரம் ஒரு நண்பர் வழங்கிய தீர்ப்பு இது. வண்டி நாலு எட்டில் நின்றது. எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. கையில் தே தாரேக் ஆறிவிடுமே. காய்கறி ஏற்றும் என் மைத்துனரின் ஃபோர் வீல் பிக்கப், மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. அவ்வளவுதான் சங்கதி. அதற்கு மரண தண்டனை!

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பல்லவிதான்: பழைய வண்டின்னா அப்படித்தான். அந்த வண்டியில் தட்டுவது இடது முன்சக்கரப் பக்கம். வலது பக்கம் வாயே திறக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில்தான் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தன. வயதுதான் காரணமென்றால் வலது பக்கம் மட்டும் காயகல்பம் சாப்பிட்டதா?

யாழ்ப்பாணத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். 1990களில், போருக்கு நடுவே, பெட்ரோல் வராத ஊரில், ஆஸ்டின் ஏ40களும் மோரிஸ் மைனர்களும் ஓடின. 1950களில் பிறந்த வண்டிகள். சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகத்துக்கு வழியில்லை. அதனால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஏ40க்காரரிடம் போய், “வயசு போட்டுது, எறியுங்கோ” என்று சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பார், வண்டியை அல்ல.

கண்டுபிடிப்பது அப்படியென்ன பிரம்ம வித்தையா? மேட்டில் ஏறும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றால் ஆடுவது பிரேக் பேட். வேகத்தோடு இரைச்சல் ஏறி, ஒரு பக்கம் வளைத்தால் கூடி, மறுபக்கம் வளைத்தால் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளப்பும்போது ‘கிளிக் கிளிக்’ என்றால் சிவி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்டும் உண்மையைச் சொல்லிவிடும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராட். இன்னொரு வேடிக்கை: ஃபோர் வீலைப் போட்டுவிட்டுக் காய்ந்த தார்ச்சாலையில், கார்பார்க்கில் வளைத்தால் இந்த மாதிரி பிக்கப் திமிறும், ‘கடக்’ என்னும். நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டி அப்படித்தான் செய்யும். ஷோரூமிலிருந்து நேற்று வந்ததும் செய்யும். அதற்கும் வயதுதான் காரணமோ?

மைத்துனர் வண்டியில் குற்றவாளி ஸ்டெபிலைசர் லிங்க். அதன் மூட்டு தளர்ந்து, விரலால் தொட்டாலே ஆடியது. மாற்றினார்கள், சத்தம் போய்விட்டது. அதற்கு முன்பு ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்காமலேயே “அப்சார்பர் செட்டா மாத்திடலாம் பாஸ்” என்றார்கள். கழற்றிப் பார்ப்பவர் இல்லை, கழற்றி மாட்டுபவர்தான் இருக்கிறார். ஏ40 ஓட்டியவருக்கு ‘செட்டா’ என்ற சொல்லே தெரிந்திருக்காது.

எதற்கும் வயதைக் காட்டும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? 1990இல் வந்த சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழிலிருந்துதான் என்பேன். பத்து வருடத்தில் காலாவதியாவது காகிதம், இரும்பு அல்ல. பணம் கட்டிப் புதுப்பித்தால் சரக்கு வண்டி இருபது வருடம்வரை ஓடலாம். பத்து வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும் உண்டு. அரசாங்கமே அடியில் பார்த்துத்தான் முடிவு சொல்கிறது, நம்மவர்களுக்கு மட்டும் பதிவு வருடம் போதும். முழங்கால் வலி என்று போனால் டாக்டரும் “வயசாச்சுல்ல அங்கிள்” என்கிறார். அதே பட்டறைதான் போலிருக்கிறது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் தட்டுவது எப்போதும் சில்லறை லிங்க்காக இருக்காது. கீழ் பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் முதலில் ‘டக் டக்’ என்றுதான் சொல்லும். கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். இந்த ஊரில் இன்னமும் லாரிக்குப் பின்னால் தொழிலாளர்களை உட்காரவைத்துத்தான் வேலைக்கு ஏற்றிப் போகிறார்கள். பழைய வண்டின்னா அப்படித்தான் என்பதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், காலையில், மழையில், பிஐஇ விரைவுச்சாலையில்.