வயற்காவல் வெடியும் வீட்டுக் குழந்தைகளும்

பயிர் கதிர் வாங்கிச் சாயும் தருணத்தில் குடியானவனுக்கு நித்திரை கிடையாது. இரவில் காட்டுப்பன்றி, பகலில் கிளியும் மயிலும் குரங்கும். இவற்றை விரட்ட ஏதேனும் ஒரு வெடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதென்பதை நிலமுடையோர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அவ்வெடி வயலில் இருக்கும்வரைதான் பயிருக்குக் காவல். அறுவடை முடிந்து அது வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தபின், வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு அது என்னவாகிறது என்று நாம் யோசிப்பதில்லை. இவ்விஷயத்தை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இதைப் பிறரைக் குறைகூற எழுதவில்லை, பிழை என்னுடையதே. ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு, பொன்னேரிப் பக்கத்திலுள்ள சொற்ப நன்செயைப் பார்த்து வருகிறேன். கிளிகளை விரட்டுவதற்கென்று காவற்காரன் பிளாஸ்டிக் குழாயால் செய்து வைத்திருந்த கார்பைடு துப்பாக்கியொன்றை, மழைக்கு நனையாமலிருக்கட்டுமென்று நானே வண்டியில் போட்டு வீட்டிற்குக் கொண்டுவந்து மாடிப்படியின் கீழ்ச் சார்த்தி வைத்தேன். எங்கள் பக்கத்தில் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் வெல்டிங் கடைகளுக்கும் குறைவில்லை. ஆகவே கார்பைடு கல் ஒரு துண்டு கிடைப்பது சிறுவர்களுக்குப் பெரிய காரியமன்று. நான்காம் நாள் மாலை என் தங்கையின் பேரன், ஒன்பது வயதுப் பையன், அக்குழாயில் கல்லும் நீரும் இட்டு விசையைத் தட்டினான். வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லையென்று குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கக் குனிந்தான். தற்செயலாய் அவ்வழியே வந்த நான் அவன் தோளைப் பற்றி இழுத்த மறு கணம் குழாய் வெடித்துச் சுவரிற் காரை பெயர்ந்தது. அந்தச் சுவரை நான் இன்னும் பூசவில்லை. பார்க்கும்போதெல்லாம் புத்தி வரட்டுமென்று அப்படியே விட்டிருக்கிறேன்.

இக்குழாயின் தன்மையை அறிவது அவசியம். கார்பைடு கல்லில் நீர் பட்டால் அசிட்டிலீன் என்னும் வாயு உண்டாகிறது. குழாய்க்குள் அது நிறைந்தபின் ஒரு பொறி பட்டால் பேரோசையுடன் வெடிக்கிறது. வாயு போதிய அளவு சேராதபோது பொறி பலிப்பதில்லை. அந்தத் தாமதமே மோசம் செய்கிறது. ஏனெனில் எந்தச் சிறுவனும் அச்சமயம் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பான். வெடிப்பினால் அனல் மட்டும் வெளிப்படுவதில்லை. கல் கரைந்தபின் எஞ்சுவது சுண்ணாம்பு. அதுவும் சேர்ந்து கண்ணில் அடிக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணிற் பட்டால் என்னவாகுமென்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிவார்கள். இங்கு அத்துடன் நெருப்பும் சேர்கிறது.

2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், தீபாவளியையொட்டி, மத்தியப் பிரதேசத்தில் போபால் முதலான ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், இக்குழாய்த் துப்பாக்கியினால் கண் புண்பட்டு ஆஸ்பத்திரிகளிற் சேர்க்கப்பட்டனர். சிலர் பார்வையை இழந்தனர். வயலிற் குரங்கையும் பறவையையும் விரட்டுவதற்கென்று ஏற்பட்ட கருவி, விளையாட்டுச் சாமானைப்போல் தெருவோரத்தில் விற்கப்பட்டதன் பலன் இது.

நம் மாகாணத்தில் நடந்ததையும் மறக்கலாகாது. 2020-ம் வருஷம் ஜூன் மாதம் திருச்சி ஜில்லா தொட்டியத்தை அடுத்த அழகரை கிராமத்தில், மீன் பிடிப்பதற்கென்று வீட்டில் வைத்திருந்த நாட்டு வெடியை ஆறு வயதுச் சிறுவனொருவன் தின்பண்டமென்று எண்ணிக் கடித்து உயிரிழந்தான். வெடியால் மீன் பிடிப்பது 1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டத்தினாலேயே விலக்கப்பட்ட செய்கை. ஆயினும் குழந்தையைக் கொன்றது சட்டத்தை மீறியது மட்டுமன்று. அப்பொருள் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததே. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இத்தகையதே. பன்றியின் வாய்க்கு ருசியாய்த் தோன்றும்படி செய்த உருண்டை, பசித்த குழந்தைக்கு மட்டும் வேறாய்த் தோன்றுமென்று எப்படி நம்புவது?

துப்பாக்கி கையாளக் கற்றவர்களிடத்திலும் ஆபத்து இல்லாமற் போவதில்லை. 2021-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைப் பக்கத்தில், சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வழிதவறி வந்த குண்டு, பாட்டனார் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையிற் பாய்ந்தது. சில தினங்களில் அவன் மாண்டான். பயிற்சி பெற்ற வீரர்கள் சுடும் இடத்திற்கே இத்துணைக் காவல் தேவையென்றால், விட்டத்தில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு எவ்வளவு தேவை?

நாட்டுத் துப்பாக்கியைப்பற்றிச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாய்க் கூறுகிறேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, மெய்யாகவே பயிர்க் காவலுக்கென்று கேட்பவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். 21 வயது நிறையாதவர் துப்பாக்கியை உடைமையாக வைத்திருத்தல் கூடாது. 2016-ம் வருஷத்து விதிகள் லைசென்ஸ் கேட்பவரிடம் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும், ஆயுதத்தைப் பத்திரமாய் வைப்பதாக உறுதிமொழியையும் கேட்கின்றன. ஆனால் உறுதிமொழி எழுதுவது ஒரு நாட் காரியம். பூட்டுவதோ தினந்தோறும் செய்யவேண்டிய காரியம்.

"எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அவர்கள் தொடமாட்டார்கள்" என்று பலர் கூறுவர். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அமெரிக்காவில் வைத்தியர்கள் சிலர் இதைப் பரீட்சித்து 2001-ல் வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களைச் சிறு கூட்டங்களாக ஓர் அறையில் விட்டு, மேஜை அறைக்குள் மெய்யான கைத்துப்பாக்கியொன்றைக் குண்டின்றி வைத்து, மறைவிலிருந்து கவனித்தார்கள். அதைக் கண்டெடுத்த 48 பேரில் 30 பேர் கையிலெடுத்தனர். 16 பேர் விசையை இழுத்தே பார்த்தனர். எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கி விஷயமாய் முன்னமே புத்திமதி பெற்றவர்கள்! புத்திமதி வேண்டாமென்பதல்ல என் அபிப்பிராயம். புத்திமதி பூட்டுக்குப் பதிலாகாது என்பதே. அதே தேசத்தில் 2005-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, துப்பாக்கியைக் காலியாக வைத்தல், பூட்டி வைத்தல், தோட்டாவைப் பூட்டி வைத்தல், தோட்டாவையும் துப்பாக்கியையும் வெவ்வேறிடத்தில் வைத்தல் ஆகிய நான்கில் ஒவ்வொன்றும் சிறுவர்களுக்கு நேரும் தீங்கைக் குறைப்பதாகக் கண்டது. விபத்தை மட்டுமல்ல, பரீட்சையில் தவறியும் கோபத்திலும் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் வாலிபரையும் இது காக்கிறது. மனம் கொதிக்கும் அரை நாழிகையில் சாவி கிடைக்காதிருந்தால் ஓர் உயிர் தப்பும்.

ஆகையால் நிலமுடையோர் கீழ்க்கண்டவற்றை வீட்டு வழக்கமாக்கிக்கொள்வது நலம்:

1. வயலிலிருந்து திரும்புமுன்னரே துப்பாக்கியைக் காலி செய்க. மருந்து கெட்டித்தபடியே வீட்டிற்குள் கொண்டுவருதல் ஒருபோதும் ஆகாது. "கேப்பு வைக்கவில்லை, ஆகவே பயமில்லை" என்பது தவறு.

2. நாட்டுத் துப்பாக்கி கெட்டித்திருக்கிறதா என்பது வெளிப் பார்வைக்குத் தெரியாது. குழல் காலியாயிருக்கும்போது கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, குழல்வாய்க்கு நேராக அக்கோலில் ஒரு கோடு கீறிவைக்க. பின்னொரு நாள் கோல் உள்ளே சென்றும் கோடு வாய்க்கு மேலே நின்றால், உள்ளே மருந்து இருக்கிறதென்று அறிக.

3. துப்பாக்கி ஒரு பெட்டியில். மருந்தும் ரவையும் கேப்பும் வேறொரு பெட்டியில். இரண்டிற்கும் பூட்டு; சாவி லைசென்ஸ்தாரரின் இடுப்பில். மாடக்குழியில் வைத்த சாவியைக் குழந்தைகள் அறியாமலிருப்பதில்லை.

4. வெடிமருந்து, அடுப்பங்கரையிலும் நெல் அவிக்கும் இடத்திலும் இருத்தலாகாது.

5. கார்பைடு குழாய் வீட்டிற்குள் வரவே கூடாது. இருப்பின் உடைத்தெறிக. பழம் பழுக்க வைக்கக் கார்பைடு கல்லை உபயோகிப்பதும் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடை செய்யப்பட்டிருக்கிறபடியால், அக்கல்லை வீட்டில் வைக்க முகாந்திரமே இல்லை.

6. கண்ணில் வெடி பட்டால் கசக்கலாகாது. எண்ணெயோ தாய்ப்பாலோ பச்சிலையோ இடலாகாது. சுத்த ஜலத்தை 20 நிமிஷத்திற்குக் குறையாமல் விட்டுக் கழுவி, உடனே கண் வைத்தியரிடம் கொண்டுசெல்க. எங்கள் பக்கத்தாருக்கு, 1819-ல் ஏற்பட்ட எழும்பூர்ச் சர்க்கார் கண் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மணியக்காரரும் கணக்கப்பிள்ளையும் இருந்த காலத்தில் எவர் வீட்டில் என்ன இருக்கிறதென்று ஊரே அறியும். அப்பதவிகள் 1980-ல் எடுபட்டன. ஆனால் அந்தக் கடமை கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்ததாகவே நான் கருதுகிறேன். முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, லைசென்ஸ்தாரர் இறந்த வீடு. தகப்பனாரின் ஞாபகார்த்தமென்று பிள்ளைகள் துப்பாக்கியை மச்சிலே போட்டு வைக்கிறார்கள். அது கெட்டித்திருக்கிறதா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி அதைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, பின்னர் வேண்டுமானால் வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். இறப்பைப் பதியும்போதே உத்தியோகஸ்தர் இதை அன்புடன் எடுத்துச் சொன்னால், வீட்டாருக்கும் தொல்லையில்லை, ஊருக்கும் அபாயமில்லை. அதட்டினால் துப்பாக்கி வைக்கோற்போருக்குள் போகும். அது இன்னும் கேடு. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில், கிராமத்தார் ஆயிரக்கணக்கான காற்றுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைத்தார்கள். அங்கு நோக்கம் காட்டுப் பறவைகளைக் காப்பது; ஆயினும் நயமாய்க் கேட்டால் ஜனங்கள் இசைவார்கள் என்பதற்கு அது சாட்சி.

"வெடியில்லாமல் பயிரைக் காப்பதெங்ஙனம்?" என்று கேட்கலாம். பரண்மேல் ஏறி ஆலோலம் பாடியும், தகரம் தட்டியும், கவண் எறிந்தும் நம் முன்னோர் தினையைக் காத்தனர். இன்று பளபளக்கும் நாடாக்களும் சூரிய மின்வேலியும் கிடைக்கின்றன. காட்டுப்பன்றித் தொல்லை மிகுந்த இடங்களில், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு 2025 ஜனவரியில் ஏற்பாடாகியிருக்கிறது. ஆகவே குடியானவர் தாமே வெடி வைத்துக் குற்றத்திற்கும் விபத்திற்கும் ஆளாகாமல், கூட்டாக மனுச் செய்துகொள்ளலாம். இவை யாவும் போதாவென்று துப்பாக்கியே வேண்டுவோர் முறைப்படி வைத்துக்கொள்ளட்டும். அதை நான் தடுக்கவில்லை.

ஒரு போகத்தில் பன்றி தின்ற பயிரை மறு போகத்தில் எடுத்துவிடலாம். குழந்தையின் கண்ணுக்கு மறு போகம் கிடையாது. இப்பத்திரிகையைப் படித்து முடித்ததும், வாசகர்கள் எழுந்து சென்று தங்கள் வீட்டு விட்டத்தையும் மச்சையும் மாடிப்படியின் கீழிடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி வேண்டுகிறேன்.